தட்டாமல் இருந்த ஆறு மாதம்

கரையான் அடிக்கிற வேலையில் எனக்கு இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. அடிக்கிற வேலை என்று சொல்வது வாய்ப்பழக்கம். உண்மையில் நான் எதையும் அடிப்பதில்லை. முழங்காலில் உட்கார்ந்து, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மரத்தைத் தட்டித் தட்டிக் காது கொடுக்கிறேன், அவ்வளவுதான். "மனுஷி பேசினா காதுல விழாது, மரம் பேசினா மட்டும் விழும்" என்பாள் என் மனைவி. கல்யாணம் ஆன நாளிலிருந்து இதையே சொல்கிறாள். நானும் கேட்காத மாதிரியே இருக்கிறேன்.

இந்தச் சிங்கப்பூரில் பருவகாலமே கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று வரும். தெம்பனிஸில் என் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் காப்பிக்கடையில் தினமும் கேட்கிற பேச்சு இது. "நம்ம ஊர்ல ஏது சீசன், வருஷம் பூரா ஒரே புழுக்கம்லா." சொல்லிவிட்டு டீயை ஆற்றுவார்கள். கரையானுக்குத் தெரிகிற விஷயம் இவர்களுக்குத் தெரியவில்லை. ஏப்ரல், மே மாதத்தில் காற்று அசையாமல் கிடந்து, மத்தியானம் ஒரு மழை கொட்டி ஓய்ந்ததும், அந்திநேரத்தில் ஈசல் கிளம்பும். ஒரு கூட்டில் மட்டும் கிளம்பாது. ஒன்றையொன்று பார்த்தே இராத பல கூடுகளிலிருந்து ஒரே சாயங்காலத்தில் கிளம்பும். அதுகளுக்கு யார் மணி அடித்துச் சொன்னார்கள்? நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டு அடிமண் ஊறிப்போனால், கரையான் சுவர் வழியாக மேலே ஏறும். ஜனவரிக் கடைசியில் காற்று வீசி, புல்தரை பழுத்துப்போகிற வறண்ட வாரங்கள் வந்தால், ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். என் வேலை நாட்காட்டியே அதை வைத்துத்தான் ஓடுகிறது.

நான் சொல்லவந்தது தேக்கா சந்தைப் பக்கம் இருந்த ஒரு பழைய கடைவீட்டைப் பற்றி. கீழே பாத்திரக்கடை. பித்தளைக் குத்துவிளக்கு, எவர்சில்வர் குடம், இட்லிக் கொப்பரை எல்லாம் வாசல்வரைக்கும் அடுக்கியிருக்கும். கட்டடமும் அந்தக் கடைக்காரருடையதுதான். எழுபது வயதைத் தாண்டியவர், எல்லோரையும் "தம்பி" என்பார். மேல்மாடியை ஒரு பரதநாட்டிய டீச்சருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஐம்பதை நெருங்குகிற அம்மா. பதினோரு வருடமாக அங்கே வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் மாதம் முதன்முதலாகப் போனேன். கூப்பிட்டது கடைக்காரர். மேல்மாடிப் பின்சுவரில், தரையோடு ஒட்டி, பென்சில் பருமனில் ஒரு மண்குழாய் ஓடியது. ஓரத்தில் கொஞ்சம் உடைத்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக வேலைக்காரக் கரையான்கள் பதறி ஓடின. ஆரஞ்சுத் தலையோடு சிப்பாய்கள் ஓடிவந்து ஓட்டையை அடைத்துக்கொண்டு நின்றன. விரலை நீட்டினால் தலையிலிருந்து பால் மாதிரி ஒரு பசையைக் கக்கும். இரண்டு நிமிடத்தில் வேலைக்காரர்கள் திரும்பி வந்து ஈரமண்ணால் ஓட்டையைப் பூச ஆரம்பித்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, நம் வீட்டுக்கு வருகிற காண்டிராக்டர்களைவிட ஒழுங்கான ஆட்கள்.

"மே மாசம் இங்க ஈசல் வந்துச்சா?" என்று டீச்சரிடம் கேட்டேன்.

"வந்துச்சுண்ணே. மழை விட்டு, லைட் போட்டு கிளாஸ் எடுத்துக்கிட்டிருந்தேன். பிள்ளைங்க ஒரே கத்தல். நான்தான் லைட்டை அணைச்சுட்டு, இறக்கையை எல்லாம் கூட்டி வாரிப் போட்டேன்."

"வெளியே இருந்து வந்துச்சா, உள்ளே இருந்து வந்துச்சா?"

"லைட்டைப் பார்த்து ஜன்னல் வழியா வந்துச்சுன்னு நினைச்சேன்."

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே பிறந்து வெளியே போக வழி தேடினதை, வெளியே இருந்து வந்த விருந்தாளி என்று நினைத்துக் கூட்டித் தள்ளுகிறார்கள். ஈசல் கிளம்பும் அளவுக்கு ஒரு கூடு வளர நாலைந்து வருடமாவது வேண்டும். அதைச் சொன்னதும் டீச்சர் காலைத் தரையிலிருந்து லேசாக எடுத்து ஓரமாக நகர்ந்து நின்றார். என்னவோ யாரையோ மிதித்துவிட்ட மாதிரி.

கடைக்காரர் அன்றைக்கே விஷயத்தை உடைத்துப் பேசிவிட்டார். ஒப்பந்தம் தைப்பூசத்தோடு முடிகிறது. அதற்குள் கரையான் ஒழிந்தால் மரத்தரை அப்படியே இருக்கட்டும், டீச்சரும் இருக்கட்டும். ஒழியவில்லை என்றால் பலகையை எல்லாம் பெயர்த்துவிட்டு, இரும்பு விட்டம் போட்டு, சிமெண்ட் கொட்டி, டைல்ஸ் ஒட்டி, ஆபீஸுக்கு விட்டுவிடுவார்.

"பித்தளையை எந்தக் கரையான் திங்கப் போகுது, அண்ணாச்சி?" என்று சும்மா சீண்டினேன்.

"பித்தளையைத் திங்காது தம்பி, அது வர்ற அட்டைப்பெட்டியைத் திங்கும்லா! அட்டை போனா நான் குடத்தைத் தலையிலயா வச்சு விக்கிறது?"

அவர் சொல்வதிலும் தப்பில்லை.

டீச்சருக்கோ அந்த மரத்தரைதான் எல்லாம். முதலில் புக்கிட் மேராவில் தன் வீட்டு ஹாலில்தான் வகுப்பு எடுத்திருக்கிறார். பிள்ளைகள் காலைத் தட்டினால் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவாராம். பிறகு ஒரு சமூக மண்டபத்தில் சிமெண்டுத் தரை. நாலு வருடம் அதில் ஆடி இடது முட்டி போய்விட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கையை ஊன்ற வேண்டும். "மரம்னா கால் தட்டினதை அது வாங்கிக்கும்ணே. சிமெண்டு திருப்பி அடிக்கும். என் முட்டி போனது போகட்டும். எட்டு வயசுப் பிள்ளைங்க முட்டியை நான் கெடுக்க மாட்டேன்" என்றார். மரத்தரையோடு, பாடுபட்டாவது கட்டக்கூடிய வாடகையில், இன்னொரு மேல்மாடி அந்த வட்டாரத்தில் கிடையாது. தேடிப் பார்த்து அலுத்துப்போனவர். தரை போனால் வகுப்பு போகும். அவ்வளவு எளிமையான கணக்கு.

நான் அறை முழுக்கத் தட்டிப் பார்த்தேன். பின்சுவர் ஓரம் மூன்று பலகை பொக்கு. நடுவில் கெட்டியான சத்தம். "ஓரம்தான் போயிருக்கு. நடு நல்லா இருக்கு டீச்சர். கவலைப்படாதீங்க" என்றேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மருந்தடித்தால் கண்ணுக்குத் தெரிகிறது சாகும். மண்ணுக்கடியில் ராணி இருக்கிறாளே, அவள் பாட்டுக்கு முட்டை போட்டுக்கொண்டிருப்பாள். பக்கத்திலேயே ராஜாவும் ஆயுசு முழுக்கக் கூடவே இருப்பான். எறும்பு, தேனீயில் எல்லாம் ஆண்பிள்ளைக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அதனால் நாங்கள் வைப்பது இரை. மண்குழாயை உடைத்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைப் பொருத்தி, உள்ளே கரையானுக்குப் பிடித்த காகிதக்கூழில் மருந்தைக் கலந்து வைப்போம். அந்த மருந்து உடனே கொல்லாது. தின்ற கரையான் அடுத்த முறை தோல் உரிக்க முடியாமல் சாகும். அதற்குள் அது தின்றதை மற்றதுகளுக்கு ஊட்டிவிடும். வாயோடு வாய் வைத்து ஊட்டும், பின்பக்கத்தாலும் ஊட்டும். கரையான் கூட்டில் தனிச்சாப்பாடு என்பதே இல்லை. சிப்பாய்க்கு இருக்கும் பெரிய கொடுக்கால் சண்டை போடலாம், சாப்பிட முடியாது. யாராவது ஊட்டினால்தான் உண்டு. இந்த ஒற்றுமைதான் எங்களுக்கு வேலை கொடுக்கிறது. ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கொள்ளாத ஜாதியாக இருந்தால் இந்த முறையில் ஒன்றைக்கூடக் கொல்ல முடியாது.

ஆனால் ஒரு நிபந்தனை. பெட்டியைத் தொந்தரவு செய்யக் கூடாது. அதிர்வு பட்டால் சிப்பாய்கள் தலையால் மரத்தில் தட்டித் தகவல் கொடுக்கும். அதைக் கேட்டு வேலைக்காரர்கள் அந்த இடத்தையே கைவிட்டுப் போய்விடுவார்கள்.

"அப்ப நாங்க தட்டக் கூடாதா?" என்றார் டீச்சர்.

"கூடாது டீச்சர்."

"எவ்வளவு நாளைக்கு?"

"மூணு மாசம். நாலும் ஆகலாம். கடைசிப் பரிசோதனை முடியறவரைக்கும்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மீனைத் தண்ணீரில்லாமல் நீந்தச் சொன்னவனைப் பார்ப்பது மாதிரி இருந்தது. ஆனால் ஒப்புக்கொண்டார்.

சொன்னபடி நடந்தும் காட்டினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் பெட்டியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். கையால் முத்திரை, கண்ணால் அசைவு, வாயால் தெய்யா தெய். தாளம் போடுகிற மனைக்கட்டையைக்கூடத் தரையில் வைக்காமல் மடியில் தலையணை போட்டு அதன்மேல் வைத்து மெதுவாகத் தட்டுவார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பெற்றோருக்குச் சிரிப்பு வரவில்லை. "உட்கார்ந்தே டான்ஸா டீச்சர்? இதுக்கு யூட்யூப் போதுமே" என்று ஒரு அம்மா படியிலேயே கேட்டதை நான் காதால் கேட்டேன். செப்டம்பருக்குள் ஐந்து பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். டீச்சர் என்னிடம் குறை சொல்லவில்லை. பெட்டிக்குள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது என்று மட்டும் கேட்பார். கால்வாசி தின்றிருந்தது. நல்ல வேகம்தான்.

அக்டோபரில் நவராத்திரி வந்தது. எனக்கு அந்த வாரம் பெட்டி பார்க்கும் முறை சரஸ்வதி பூஜை அன்றைக்கு விழுந்தது. எங்கள் வீட்டில் அன்று ஆயுதங்களைத் தொட மாட்டோம். டார்ச், துளைபோடும் மெஷின், ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டேன். என் மேலாளர் சீனர். வருடா வருடம் அன்றைக்கு நான் லீவு என்பது அவருக்குப் பழகிவிட்டது. விஜயதசமி அன்று பூஜையை முடித்து எடுத்து, அதற்கடுத்த நாள்தான் தேக்காவுக்குப் போனேன்.

பெட்டியைத் திறந்தால் ஒரு உயிர் இல்லை. மருந்துக்கூழ் அப்படியே இருந்தது. குழாயும் காய்ந்திருந்தது.

அறையைச் சுற்றிப் பார்த்தேன். மூலையில் நடராஜர் சிலைக்கு மாலை. தேங்காய் மூடி, வெற்றிலை, பூ. வரிசையாகச் சலங்கைகள், எல்லாவற்றிலும் சந்தனம்.

"டீச்சர், தட்டினீங்களா?"

"விஜயதசமிண்ணே. புதுசா ஆறு பிள்ளைங்க சேர்ந்தாங்க. அன்னைக்குத் தட்டாம எப்படி ஆரம்பிக்கிறது? ஆளுக்கு ஒரே ஒரு தட்டு."

"ஆறு பேர், ஆறு தட்டா?"

டீச்சர் ஒரு சலங்கையை நேராக நகர்த்தி வைத்தார்.

"பழைய பிள்ளைங்களும் வந்திருந்தாங்க."

"எத்தனை பேர்?"

"இருபத்தொண்ணு. தட்டடவு மட்டும்தான்."

"மெதுவா, ஒரு காலம் மட்டுமா?"

"முதல் காலத்தோட நிறுத்தினா குறையா இருக்கும்ணே. மூணு காலமும்."

எனக்கு வந்த கோபத்தில் தலையில் அடித்துக்கொண்டேன். "இருபத்தேழு பேரு மூணு காலம் தட்டினா கரையான் என்ன, கீழ இருக்கிற குத்துவிளக்கே ஓடிப்போயிருக்கும்! ரெண்டு மாசம் தின்ன வச்சதெல்லாம் போச்சே! உங்களுக்கு இடம் வேணுமா வேணாமா?" சத்தமாகத்தான் கத்தினேன். டீச்சரின் கண் கலங்கிவிட்டது.

"புத்தியில்லாமப் பண்ணிட்டேண்ணே. அந்த நாளை விட மனசு வரலை" என்றார்.

படியிறங்கும்போதுதான் உறைத்தது. நான் போகவேண்டிய நாளில் போயிருந்தால், சலங்கைகள் அடுக்கியிருப்பதைப் பார்த்து அங்கேயே தடுத்திருப்பேன். ஆயுதத்துக்குச் சந்தனம் வைத்துவிட்டு வீட்டில் சுண்டல் தின்றுகொண்டிருந்தவனுக்கு, சலங்கைக்குச் சந்தனம் வைத்தவரைத் திட்ட என்ன யோக்கியதை? திரும்ப மேலே ஏறி மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்கு ஒரு பொட்டலம் சுண்டல் கொடுத்தனுப்பினார்.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. கைவிட்ட இடத்துக்குக் கரையான் சுலபத்தில் திரும்பாது. நான் வாரம் ஒருமுறை போய் நாலு சுவரையும் டார்ச்சடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. டீச்சர் தினமும் சுவரைப் பார்ப்பதாகச் சொன்னார். வீட்டில் கரையான் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் சிங்கப்பூரில் அவராகத்தான் இருக்க வேண்டும்.

நவம்பரில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்து, பின்சந்தின் வடிகால் வழிந்தது. நான்காம் நாள் காலையில் டீச்சர் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "அண்ணே, வந்துருச்சு! பழைய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, புது மண்ணு!" போய்ப் பார்த்தேன். ஈரம் மாறாத குழாய், இரண்டு விரல் அகலம். அடிமண்ணில் தண்ணீர் ஏறியதும் கூட்டமாக மேலே வந்திருந்தன. பெட்டியை அங்கே மாற்றிப் பொருத்தினேன். இந்த முறை டீச்சர் பெட்டியைச் சுற்றிலும் நாற்காலிகளைக் கவிழ்த்து அரண் கட்டிவிட்டார். தீபாவளிக் கூட்டத்தில் சிராங்கூன் ரோடு முழுக்க மனித வெள்ளம். அந்த அறையில் மட்டும் பிள்ளைகள் விரல்நுனியில் நடந்தார்கள்.

டிசம்பர் நடுவில் பெட்டியைத் திறந்தபோது மாற்றம் தெரிந்தது. வேலைக்காரர்கள் பால்வெள்ளையாக வெளுத்து, தள்ளாடி நடந்தார்கள். நூற்றுக்குப் பத்து இருக்கவேண்டிய சிப்பாய்கள் பாதிக்குப் பாதி தெரிந்தன. சிப்பாய்கள் பெருகவில்லை. ஊட்டுகிறவர்கள் செத்துப்போக, இவர்கள் பசியோடு மிச்சம் நின்றார்கள். பெட்டியின் வாயில் வரிசையாக, வெளியே பார்த்துக்கொண்டு, காவல் காத்தபடி. நான் பார்க்கும்போதே ஒரு சிப்பாய் ஒரு வேலைக்காரக் கரையானின் வாய்க்கு நேராகத் தலையை நீட்டி நீட்டிக் கேட்டது. அதனிடம் கொடுக்க எதுவும் இல்லை. இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ முறை பார்த்த காட்சி. நான் பெட்டியை மூடிவிட்டு, தேதி குறித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போனேன்.

புத்தாண்டு வாரத்தில் அசைவே இல்லை. "டீச்சர், ஜெயிச்சாச்சு" என்றேன். தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு கடைசிப் பரிசோதனை மட்டும் பாக்கி. அதுவரை தட்டவேண்டாம் என்றேன். பொங்கல் அன்று டீச்சரிடமிருந்து ஒரு கட்டுக் கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் வந்தது. என் மனைவி சந்தேகமாகப் பார்த்தாள். "கரையான் செத்ததுக்கு யாராவது பொங்கல் குடுப்பாங்களா?" என்றாள்.

ஜனவரிக் கடைசியில் மழை நின்று காற்று கிளம்பியது. வழக்கமான வறண்ட காற்று. துணி ஒரு மணி நேரத்தில் காயும், உதடு வெடிக்கும். அப்படி ஒரு காலையில் கடைசிப் பரிசோதனைக்குப் போனேன். டீச்சர் அறையைக் கழுவித் துடைத்து, சலங்கைகளை எடுத்து வெளியே வைத்திருந்தார். அன்று ஐந்து மணிக்கு எல்லாப் பிள்ளைகளையும் வரச் சொல்லியிருந்தார். நின்றுபோன ஐந்து பேரில் மூன்று பேர் திரும்பி வருகிறார்களாம். "டீ வாங்கிட்டு வரேண்ணே" என்று துள்ளிக்கொண்டு இறங்கினார், அந்த முட்டியோடு.

பெட்டியில் ஒன்றும் இல்லை. குழாய் காய்ந்து, தொட்டதும் உதிர்ந்தது. சுவர் சுத்தம். மனசுக்கு நிறைவாக இருந்தது. கிளம்புமுன் பழக்கதோஷத்தில் நடுப்பலகையைத் தட்டினேன்.

டொக்கென்று கேட்டது. பானையைத் தட்டின சத்தம்.

மறுபடி தட்டினேன். பக்கத்துப் பலகை, அதற்கடுத்தது. ஒரு இணைப்பில் ஸ்க்ரூடிரைவரைச் செருகினேன். கைப்பிடிவரைக்கும் இறங்கியது. பலகையை நெம்பித் தூக்கிப் பார்த்தேன். மேலே ஒரு தோல் பருமனுக்கு மரம், கீழே ஒரு தோல் பருமனுக்கு மரம். நடுவில் இருந்ததெல்லாம் மண். கரையான் தின்ற இடத்தைச் சும்மா விடாது, ஈரமண்ணை அடைத்துக்கொண்டே போகும். கூடு உயிரோடு இருக்கும்வரை அந்த மண்ணை நனைத்துக் கெட்டியாக வைத்திருக்கும். கூடு செத்ததும் நனைக்க ஆளில்லை. வறண்ட காற்று பட்டு மண் சுருங்கி உள்ளே உதிர்ந்து கிடந்தது. அடியில் இருந்த விட்டமும் அதே கதி. ஆகஸ்டில் நான் தட்டிக் கேட்டது மரத்தை இல்லை, ஈரமண்ணை. அதைக் கேட்டுத்தான் நடு நல்லா இருக்கு என்று சொல்லி, ஒரு மனுஷியை ஆறு மாதம் நம்பவைத்தேன்.

உட்கார்ந்துவிட்டேன். பிறகு பலகையைத் திரும்ப வைத்து மூடினேன். பரிசோதனைத் தாளை எடுத்தேன். கடைக்காரர் கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்வி, கரையான் இருக்கிறதா இல்லையா. "உயிருள்ள கரையான் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது சத்தியமான உண்மை. டீச்சரிடம் தனியாக, பிள்ளைகளைச் சுவரோரமாக ஆடவிடச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அவரே வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும். பாவம், ஆறு மாதம் உட்கார்ந்தே வகுப்பு எடுத்தவர். என் மனதில் இருந்தது இரக்கம்தான் என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

டீச்சர் இரண்டு டீயோடு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். நான் மூடிய பலகை சரியாகப் பொருந்தாமல் ஒரு முனை தூக்கிக்கொண்டிருந்தது.

"மரம் எப்படி இருக்குண்ணே?"

"கரையான் சுத்தமா இல்லை டீச்சர்."

"நான் அதைக் கேட்கலை. இருபது வருஷமா முகபாவம் சொல்லிக்குடுக்கறவ நான். உங்க மூஞ்சியில இருக்கறதை வாயால சொல்லுங்க."

சொன்னேன். ஆகஸ்டில் நான் தப்பாகக் கேட்டதையும் சேர்த்துச் சொன்னேன். டீயைத் தரையில் வைத்துவிட்டு, கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்தார். துப்பட்டாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எவ்வளவு நாள் தாங்கும்?"

"சொல்ல முடியாது. ஒரு மாசமும் தாங்கலாம், ஒரு வருஷமும் தாங்கலாம்."

"இருபது பிள்ளைங்க சேர்ந்து குதிச்சா?"

அவர் என் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"இதுக்குக் கீழ எழுதுங்க."

"டீச்சர், அண்ணாச்சி இதைக் கேட்கவே இல்லை. எழுதினா இன்னைக்கே உங்களுக்கு இடம் போயிடும்."

"எழுதுங்கண்ணே. பூசி மெழுகாதீங்க. எனக்குப் பாவம் பார்த்து, நாளைக்கு ஒரு பிள்ளை கால் உள்ள போனா, அந்தத் தாய்க்கு யார் பதில் சொல்றது? நீங்களா, நானா?"

எழுதினேன். தாளை முழங்காலில் வைத்து எழுதியதில் எழுத்து கோணல்மாணலாக வந்தது. வெட்கமாக இருந்தது. இழக்கப்போவது அவர், மறைக்கப் பார்த்தது நான். நான் கையெழுத்துப் போடும்வரை நின்றவர், தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார். பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். தாளைத் தூரமாகப் பிடித்து முதல் வரியைப் படித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, கரையான் இல்லையாம்! அப்புறம் என்னம்மா!" மேசை டிராயரைத் திறந்து, முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்த ஒப்பந்தத்தை எடுத்தார். "ரெண்டு வருஷத்துக்குப் போட்டு வச்சிருக்கேன். வாடகை ஏத்தலை. நீங்க கையெழுத்துப் போடறதுதான் பாக்கி." பேனாவின் மூடியைக் கழற்றி அவர் பக்கம் நீட்டினார்.

டீச்சர் பேனாவை வாங்கவில்லை.

"கீழ இன்னொரு வரி இருக்கு அண்ணாச்சி. படிங்க."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. "தம்பி எழுத்து கோழி கிளறின மாதிரில்ல இருக்கு. என்னம்மா எழுதியிருக்கு?"

டீச்சர் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லுகிற அதே தெளிவான குரலில், ஒரு சொல் விடாமல் படித்தார்.

"மேல்மாடித் தரையின் நடுப்பகுதி உள்ளே முழுவதும் அரித்துப்போயிருக்கிறது. இதில் யாரும் ஆடக் கூடாது."